பேரேட்டில் ஒரு நோயாளி

அங்கிலிக்கன் கோயில்களில் ஞாயிறு ஆராதனையின்போது நோயாளிகளுக்காக மன்றாடும் நேரம் ஒன்று உண்டு. குருவானவர் ஆளின் பெயர் சொல்லி ஜெபிப்பார். நோயுற்ற எல்லோருக்காகவும் என்று பொதுவில் சொல்லி அவர் நிறுத்திவிடுவதில்லை. சத்திரசிகிச்சை முடிந்து வந்த அம்மா, கால் முறிந்து படுத்திருக்கும் அண்ணன், டயாலிசிஸுக்குப் போய்வரும் தம்பி என்று எல்லோருக்கும் முகம் தெரிந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். அன்று மாலையோ மறுநாளோ அந்த வீடுகளுக்கு இரண்டு மூன்று பேர் போவார்கள். தாய்மார் சங்கத்தில் ஒருவர், கோயில் கமிட்டியில் ஒருவர், சில வேளை குருவானவர். கையில் ஒரு நெஸ்டமோல்ட் பக்கற்றும் மாரி பிஸ்கற்றும் இருக்கும். நடக்க முடியாதவருக்கு நற்கருணை வீட்டுக்கே வரும். கேட்டால் நெற்றியில் எண்ணெய் பூசி, தலைமேல் கைவைத்து ஜெபிப்பார்கள்.

திருச்சபை தொடங்கிய நாளிலிருந்தே இது இப்படித்தான் நடந்துவருகிறது என்று தோன்றும். அப்படி இல்லை. சபையில் பெயர் எழுதுகிற வேலை ஒரு காலத்தில் பிறந்தது. நோயாளியைத் தேடிப் போகிற வேலை வேறொரு காலத்தில் வளர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தும் இருந்திருக்கின்றன. பிரிந்திருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு மன்னார்க் கரையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மன்னாரில் கிறிஸ்தவர்களின் பெயரை எழுதிவைக்கும் பழக்கம் ஆங்கிலேயர் வருமுன்பே இருந்தது. 1658-இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னார்க் கோட்டையை எடுத்த ஒல்லாந்தர், தங்கள் சீர்திருத்தச் சபையின் ஒழுங்கை இங்கே கொண்டுவந்தார்கள். கோயில்தோறும் ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம்தோறும் ஒரு உபாத்தியாயர், உபாத்தியாயர் கையில் ஒரு தோம்பு. யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், யாருக்கு யார் மணமுடித்தார்கள் என்று அதில் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பஸ் பால்தேயஸ் 1672-இல் வெளியிட்ட நூலில் மன்னார்க் கோயில்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒழுங்கு என்று பார்த்தால் அதில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் தோம்பில் பெயர் இருந்தால்தான் உத்தியோகம், தோம்பில் பெயர் இருந்தால்தான் வாரிசுரிமைக்குச் சிக்கலில்லை என்று வந்தபோது, பெயர் எழுதுவதன் பொருளே மாறிப்போயிற்று. ஆள் கோயிலைச் சேர்ந்தவனா, கச்சேரியைச் சேர்ந்தவனா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. 1795-இல் ஆங்கிலேயர் மன்னாரைப் பிடித்தார்கள். உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்ற கட்டாயம் போனது. வட இலங்கையில் தோம்புகளில் இருந்த ஆயிரமாயிரம் பெயர்களுக்குரிய ஆட்கள் சில ஆண்டுகளுக்குள் கோயிலை விட்டுப் போய்விட்டார்கள். கூரையில்லாத கோயில் சுவர்கள்தான் மிஞ்சின. அந்த மக்களைப் பொய்க் கிறிஸ்தவர்கள் என்று ஏசுவது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தன் பெயரை எழுதிக்கொண்டுபோனவன், தான் காய்ச்சலில் கிடந்தபோது வாசலுக்கு வரவில்லை என்றால், அந்த எழுத்தை ஒருவன் எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

அதே காலத்தில் அதே கரையில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. ஒல்லாந்தர் தடைசெய்த கத்தோலிக்க மக்கள் மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு 1670 அளவில் காட்டுக்குள் போனார்கள். அந்த இடம்தான் மருதமடு. 1687-இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் இலங்கைக்கு வந்த ஜோசப் வாஸ் அடிகளார், மறைந்து திரிந்து இவர்களைப் போன்ற மக்களைத் தேடிக் கண்டுபிடித்தார். பத்து ஆண்டுகள் கழித்துக் கண்டியில் பெரியம்மை பரவியது. உறவுகளே நோயாளியைக் காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, வாஸும் அவருடைய துணைவரும் கொட்டில் போட்டு அவர்களைப் பராமரித்தார்கள். இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே அடக்கம் செய்தார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தச் சபைக்குப் பேரேடும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் அது நிலைத்தது. மன்னார் இன்றும் பெரும்பாலும் கத்தோலிக்க மண்ணாக இருப்பதற்கு இந்த வரலாறு ஒரு காரணம். மடு மண்ணைப் பாம்புக்கடிக்கு மருந்தென்று பல சமயத்தாரும் எடுத்துப் போகிறார்களே, அந்த நம்பிக்கையும் நோயாளியைக் கைவிடாத ஒரு சபையின் நினைவோடு சேர்ந்தே வளர்ந்தது.

பின்னால் வந்த அங்கிலிக்கன் சபைக்கு மன்னாரில் கிடைத்த இடம் சிறியது. 1818-இல் திருச்சபை மிஷனரி சங்கம், அதாவது சி.எம்.எஸ்., இலங்கைக்கு நான்கு பேரை அனுப்பியது. அவர்களில் ஜோசப் நைட் வடக்கே வந்து நல்லூரில் வேலையைத் தொடங்கினார். சுண்டிக்குழியும் நல்லூரும் வளர்ந்த அளவுக்கு மன்னாரில் அங்கிலிக்கன் சபை வளரவில்லை. ஆனாலும் அந்தச் சபையின் தமிழ் வரலாற்றில் மன்னாருக்குத் தனி இடம் இருக்கிறது. காரணம் ஒரு பாதை.

1830களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கின. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வள்ளம் ஏறித் தலைமன்னாரிலோ அரிப்பிலோ வந்து இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டு வழி. குடிக்கத் தண்ணீர் இல்லாத நீண்ட தூரங்கள். தண்ணீர் இருந்த இடத்தில் வாந்திபேதி. வருகிறவர்களிடையே நோய் தோன்றினால் வழியோரக் கிராமத்தார் அருகில் வர அஞ்சுவார்கள். கூட வந்தவர்கள் நின்றால் அவர்களுக்கும் சாவு. ஆகவே விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840களில் மட்டும் 70,000 பேர் இப்படி மடிந்திருப்பார்கள் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று மதிப்பிட்டது. வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு. அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று சரித்திரக்காரர்கள் வாதாடலாம். துல்லியமாகச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான்: விழுந்தவர்களின் பெயரை யாரும் எழுதவில்லை.

ஒரே ஒரு ஏடு அவர்களோடு நடந்துவந்தது. அது ஆட்களைத் திரட்டிக் கூட்டிவந்த கங்காணியின் கடன் கணக்கு. ஊரில் கொடுத்த முன்பணம், வள்ளக் கூலி, வழிச் சாப்பாடு எல்லாம் அதில் ஏறும். ஆள் செத்தால் அவனுடைய கடன் பெரும்பாலும் உறவுக்காரர் தலையில் விழும். அதாவது அந்த ஏட்டில் பெயர் சாகாது, ஆள்தான் சாவான். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தவனுக்குச் செக்ரோல் காத்திருந்தது. அதுவும் கூலி போடுவதற்கான ஏடு. வேலைக்கு வராத நாளில் அவன் பெயருக்கு எதிரே இருக்கும் கட்டம் வெறுமையாகிவிடும். ஏன் வரவில்லை என்று விசாரிக்க அதில் இடமில்லை.

இந்த இடத்தில்தான் உபதேசியார் வருகிறார். 1854-இல், தோட்டத் துரைமார் சிலரின் பண உதவியோடும் சி.எம்.எஸ். மேற்பார்வையிலும் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற ஓர் ஏற்பாடு தொடங்கியது. அந்தப் பெயர் இன்று காதுக்கு முள்ளாகக் குத்துகிறது. ஆனால் அதன் வேலையைச் செய்தவர்கள் தமிழர்களே. திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசியார்களைக் கடல் தாண்டி அனுப்பின. திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் நன்கறிந்த செப்டிமஸ் ஹாப்ஸ் என்ற குரு இதன் தொடக்க கால மேற்பார்வையாளர். உபதேசியார் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக நடந்தார். எழுத்தறிவித்தார், வேதம் வாசித்தார், ஊருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தார். அவர் கையிலும் ஒரு பேரேடு இருந்தது.

அந்தப் பேரேட்டைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அதன் மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். 1812-இல் வந்த சட்டம் அதற்கு அச்சடித்த கட்டங்களைக் கொடுத்தது: பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், இருப்பிடம், தகப்பன் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் யார். மிஷன் நாடுகளுக்கும் இந்த மாதிரிக் கட்டங்களே போயின. கங்காணியின் கணக்கில் ஒருவன் பட்ட கடன் இருந்தது. இங்கே அவனுக்கு அப்பா இருந்தார், அம்மா இருந்தார், ஊர் இருந்தது. இறந்தால் எங்கே, எந்த நாளில், யார் அடக்கம் செய்தார் என்ற வரி இருந்தது. மன்னார்ப் பாதையில் வழியோரத்தில் கிடந்த உடல்களை நினைத்துக்கொண்டு இந்தக் கட்டங்களைப் பார்த்தால், அச்சடித்த ஒரு தாள் எவ்வளவு பெரிய மரியாதையைக் கொடுத்தது என்பது விளங்கும்.

ஆனால் தோம்பிலும் பெயர் இருந்ததே! ஆகவே உபதேசியாரின் பேரேடு தோம்பாகிவிடாமல் காத்தது எது என்ற கேள்விக்கு அக்கரைக்குப் போய்த்தான் பதில் தேட வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையில் சபை ஒழுங்கு என்பது கிராமத்தில் தொடங்கியது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் என்ற ஜெர்மானியர், கிறிஸ்தவரான குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்படும்போது அவர்களுக்கு நிலம் வாங்கிக்கொடுக்க 1830-இல் தர்ம சங்கம் ஒன்றை அமைத்தார். அதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களே காணிக்கை சேர்த்தார்கள். உபதேசியார்கள் குறித்த காலத்தில் ஒன்றுகூடித் தங்கள் ஊர்ச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த பழக்கம். யார் ஜெபத்துக்கு வந்தார்கள், யார் வரவில்லை, வராதவருக்கு என்ன ஆயிற்று? ரேனியஸ் லூத்தரன் வழி வந்தவர். ஆயர் கைவைக்காமல் தமிழ் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற தகராற்றில் 1835-இல் சி.எம்.எஸ். அவரை நீக்கியது. சபை ஒழுங்கு யார் கையில் என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது.

ஆனால் அவர் போட்ட வழி நின்றது. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவரும் வழக்கம் வந்தது. 1860களின் இறுதியில் ஊர்ச் சபைகளின் பிரதிநிதிகள் அமர்ந்த சபை மன்றங்கள் ஏற்பட்டன. உபதேசியார் சம்பளத்தையும் குருவின் சம்பளத்தையும் மக்களே கொடுக்கத் தொடங்கினார்கள். பணம் கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. என் வீட்டில் மூன்று நாளாக ஆள் படுத்திருக்கிறாரே, உபதேசியார் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று பிடி அரிசி கொடுத்த கிழவி கேட்கலாம். ஒல்லாந்தர் தோம்பு எழுதிய உபாத்தியாயரை எந்தக் கிழவியும் அப்படிக் கேட்டிருக்க முடியாது; அவர் கச்சேரிக்குப் பதில் சொல்கிற ஆள். பேரேட்டுக்கு உயிர் வந்தது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

மருந்தும் இதே மண்ணில் இந்த ஒழுங்கோடு சேர்ந்தது. மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில், திருச்செந்தூரிலிருந்து உள்ளே வந்தால் செம்மணல் தேரியும் பனைக்காடும் சூழ்ந்த நாசரேத் இருக்கிறது. பழைய பெயர் சாண்பத்து. பனையேறிகளின் ஊர். பதநீர்ப் பருவத்தில் ஒரே மரத்தில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். கால் பிசகி விழுந்தவன் பிழைத்தால் முடவனாவான். வீடு முழுக்கப் பட்டினி. அங்கே 1870-இல் எஸ்.பி.ஜி. என்ற மற்றோர் அங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்த ஜே. எம். ஸ்ட்ராகன் ஒரு மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவர் குருவும் மருத்துவருமானவர். பின்னாளில் ரங்கூன் ஆயரானார். 1876-இல் ஆர்தர் மர்காஷிஸ் வந்தார். இவரும் மருத்துவம் அறிந்தவர். அவர் வந்த வேளை தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்தின் பின்னால் வாந்திபேதி. அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம், கைத்தொழில் பள்ளி, பெண்களுக்குப் படிப்பு என்று அவர் தொட்டதெல்லாம் அந்தப் பஞ்சத்திலிருந்து முளைத்தவை. 1908-இல் அவர் நாசரேத்திலேயே இறந்தார். பரிசுத்த லூக்கா வைத்தியசாலை இன்றும் அங்கே இருக்கிறது. மருத்துவராயிருந்த நற்செய்தியாளரின் பெயர் அது.

நாசரேத்தில் நடந்ததை வெள்ளைக்காரர் கட்டிய ஆஸ்பத்திரி என்று சுருக்கிவிடக் கூடாது. ஊர்தோறும் உபதேசியார் இருந்ததால்தான் எந்த ஊரில் வாந்திபேதி கண்டது என்ற செய்தி மிஷன் பங்களாவுக்கு நேரத்தோடு வந்தது. சபை இருந்ததால்தான் நோயாளியைக் கட்டிலோடு தூக்கிவர நாலு தோள் கிடைத்தது. மருந்து ஒரு பாதி. தூக்கிக்கொண்டு வருகிற தோள் மறு பாதி.

இந்த ஊரைச் சொல்லும்போது சட்டாம்பிள்ளையைச் சொல்லாமல் போக முடியாது. அருமைநாயகம் என்ற அந்தப் படிப்பாளி, மிஷனரிகளின் அதிகாரத்தோடு மோதி, 1857-இல் நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் துணையில்லாத தனிச் சபையை அமைத்தார். ஏக இரட்சகர் சபை என்று அதைச் சொல்வார்கள். சபையை நடத்துவது யார் என்ற கேள்வியைத் தமிழர் ஒருவர் அவ்வளவு நேராகக் கேட்டது அங்கிலிக்கன் மிஷனுக்குப் பெரிய அதிர்ச்சி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஊர்ச் சபை மன்றங்கள் தோன்றியதையும் அந்த அதிர்ச்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறாகாது.

இனி இக்கரைக்கு வருவோம். 1875-இல் கொழும்பு ஆயராக வந்த ரெஜினல்ட் கோப்பிள்ஸ்டனுக்கு அப்போது முப்பது வயது. தோட்டப் பகுதியில் ஆங்கிலத் துரைமாருக்கு ஒரு குரு, தமிழ்த் தொழிலாளருக்கு ஒரு மிஷன் என்று இரண்டு வழி ஓடுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. ஓர் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்றார். மொழி தெரியாத குருவிடம் எங்கள் மக்களை எப்படி ஒப்படைப்பது என்றது சி.எம்.எஸ். 1876-இல் ஆயர் மிஷனரிகள் பலருடைய அனுமதிப் பத்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இங்கிலாந்தின் பேராயர்களும் மூத்த ஆயர்களும் தலையிட்டு 1880-இல் கருத்துச் சொல்லும்வரை இழுபறி நீடித்தது. ஆயர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது: துரையும் தொழிலாளியும் ஒரே பேரேட்டில் இருப்பதுதான் திருச்சபை. சி.எம்.எஸ். சொன்னதிலும் ஓர் உண்மை இருந்தது: படுக்கையில் கிடப்பவருக்குத் தன் மொழியில் ஜெபிக்கிறவர் வேண்டும். நான் இரண்டாவது பக்கம் சாய்வேன். ஒரே பேரேட்டில் இருந்துகொண்டே, தன் மொழியில் ஆறுதல் கிடைக்காமல் செத்தவர்களை மன்னார் தோம்புகள் கண்டிருக்கின்றன.

தீர்வு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 1881-இல் அரசாங்கம் அங்கிலிக்கன் குருமாருக்குக் கொடுத்துவந்த சம்பளத்தைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் செய்தது. சபை தன் சொந்தக் காலில் நிற்க வேண்டியதாயிற்று. ஆயர், குருமார், சபை மக்களின் பிரதிநிதிகள் மூவரும் சேர்ந்து அமரும் பேரவை 1880களின் நடுவில் உருவானது. தமிழ்ச் சபையும் சிங்களச் சபையும் ஆங்கிலச் சபையும் அதே பேரவையில் ஆளனுப்பின. பங்குக் கூட்டம், கமிட்டி, வரவு செலவுக் கணக்கு என்று இன்று நாம் சலிப்போடு உட்கார்ந்திருக்கும் விஷயங்கள் அப்போது வந்தவை.

எண்ணெயின் கதை தனி. நோயாளி சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்கிறது. அழைக்க வேண்டியது மூப்பர்களை, அதாவது சபையின் பொறுப்பாளர்களை. குணமாக்குதலும் சபை ஒழுங்கும் ஒரே வாக்கியத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 1549-இன் முதல் ஆங்கில ஜெபப்புத்தகத்தில், நோயாளி விரும்பினால் எண்ணெய் பூசலாம் என்று இருந்தது. 1552-இன் திருத்தத்தில் அது போய்விட்டது. 1662-இன் ஜெபப்புத்தகமும் எண்ணெயைத் திரும்பக் கொண்டுவரவில்லை. மிஷனரிகள் தமிழுக்குக் கொண்டுவந்தது அந்தப் புத்தகத்தைத்தான். ஆகவே நமது முப்பாட்டன்மார் படுத்திருந்தபோது அவர்கள் கேட்டது பாவ அறிக்கையும் மன்னிப்பும் பொறுமைக்கான புத்திமதியும். சாவுக்கு ஆயத்தப்படுத்துகிற வார்த்தைகளே அதில் அதிகம்.

எண்ணெய் திரும்பி வர நானூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. லண்டனில் 1904-இல் பெர்சி டியர்மர் போன்ற குருமார் உடல்நலத்துக்கும் ஜெபத்துக்கும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1908-இன் லாம்பெத் ஆயர் மாநாடு எண்ணெய் பூசுவதைப் பரிந்துரைக்கவும் இல்லை, நோயாளி கேட்டால் தடுக்கவும் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜேம்ஸ் மூர் ஹிக்சன் என்ற சபைமகன், குருப்பட்டம் இல்லாதவர், 1919 முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாடு நாடாகப் போய் அங்கிலிக்கன் கோயில்களில் நோயாளிகள்மேல் கைவைத்து ஜெபித்தார். இந்தியாவுக்கும் வந்தார். ஊரின் குருவும் ஆயரும் கூட இருக்க வேண்டும், நோயாளிகளை முன்கூட்டியே ஆயத்தப்படுத்த வேண்டும், தான் போன பிறகும் ஜெபக்குழு தொடர வேண்டும் என்பது அவர் பிடித்துநின்ற ஒழுங்கு. 1935-இல் கேன்டர்பரி குருமன்றம் எண்ணெய் பூசுதலுக்கும் கைவைத்தலுக்கும் ஒரு வழிபாட்டு முறையை ஏற்றுக்கொண்டது.

ஹிக்சன் பிடித்துநின்ற அந்த ஒழுங்கை இன்று பல இடங்களில் காண முடிவதில்லை. மைதானத்தில் மேடை போட்டு, ஆயிரக்கணக்கானோரைக் கூட்டி, சுகம் பெற்றவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கிற கூட்டங்களுக்கு நம் மக்கள் பஸ் ஏறிப் போகிறார்கள். வேதனை தாங்காமல் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. என் கவலை கூட்டம் முடிந்த பிறகு இருக்கும் இரவைப் பற்றியது. சுகம் கிடைக்காதவர், விசுவாசம் போதவில்லை என்ற குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார். மேடையில் நின்றவரிடம் அவர் பெயர் இல்லை. மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

1964-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்களும் இறையியலாளர்களும் இதே கேள்வியை ஆஸ்பத்திரியின் பக்கத்திலிருந்து கேட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரிகள் வளர்ந்து நிற்கின்றன, சபைகளோ குணமாக்கும் வேலையை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிட்டன. குணமாக்குதல் முதலாவது சபையின் வேலை என்று அவர்கள் சொன்னார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருந்த ஜேம்ஸ் மெக்கில்வ்ரே, 1968-இல் உருவான கிறிஸ்தவ மருத்துவ ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கி இந்தச் சிந்தனையைக் கிராமச் சுகாதாரப் பணிக்குத் திருப்பினார். நாசரேத்தின் கட்டிலும் நாலு தோளும் ஐரோப்பாவில் தீர்மானமாக எழுதப்பட்டன என்றுதான் எனக்கு அதை வாசிக்கத் தோன்றுகிறது. தென்னிந்தியத் திருச்சபையில் இன்று அக்டோபர் மாதத்தில், பரிசுத்த லூக்காவின் திருநாளையொட்டி, குணமாக்கும் ஊழியத்துக்கென்றே ஒரு ஞாயிறு இருக்கிறது.

மன்னார்க் கடலில் ஆட்கள் பிறகும் போனார்கள், வந்தார்கள். 1914-இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. அக்கரையில் மண்டபம் என்ற ஊரில் தொழிலாளரை மறித்து நோய் சோதிக்கும் முகாம் இயங்கியது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1983-க்குப் பிறகு மன்னாரிலிருந்து இரவில் படகேறியவர்கள் அதே மண்டபம் முகாமில் அகதிகளாகப் பெயர் பதிந்தார்கள். மறுபடியும் ஒரு பேரேடு. மறுபடியும் அரிசிக்கும் பணக்கொடைக்கும் உரிய வரிசை எண். உள்நாட்டுப் போருக்குப் பின் திரும்பி வந்தவர்களில் காலிழந்தவர், நீண்ட நோயாளி, பிள்ளையைத் தேடி உறக்கம் கெட்ட தாய் என்று எத்தனையோ பேர். அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கோயிலின் எல்லைக்குள் வாழ்கிறார்கள். எல்லோர் பெயரும் அந்தக் கோயிலின் ஞாயிறு மன்றாட்டில் வருவதில்லை.

சின்னச் சபைக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாற்பது ஐம்பது குடும்பம் உள்ள இடத்தில் யார் வரவில்லை என்பது கோயில் மணி ஓயுமுன் தெரிந்துவிடும். பங்குக் கமிட்டியின் நிகழ்ச்சி நிரலில் கடந்த கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, கூரை ஓட்டுச் செலவு எல்லாம் முடிந்து, நேரம் இருந்தால் நோயாளிகள் என்று வைத்திருக்கும் பழக்கத்தை மாற்றி, நோயாளிகளின் பட்டியலை முதலில் வாசிக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் போன கிழமை போனவர் யார், இந்தக் கிழமை போகப்போகிறவர் யார் என்று இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளலாம். எண்ணெயையும் ஜெபத்தையும் குருவானவர் பார்த்துக்கொள்வார். கிளினிக் நாளில் முச்சக்கர வண்டி பிடித்து மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வரிசையில் கூட நின்று, மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்ல யார் என்பதைக் கமிட்டி தீர்மானிக்க வேண்டும்.